அட்டைக்கு அடியில் எட்டு வரி

அன்று கடையில் இருந்தவர்கள் நான், என் தம்பி, தம்பி மனைவி, என் மாப்பிள்ளை. பள்ளித் தலைமையாசிரியை பிறகு வந்தார். எதிர்க்கடைப் பூட்டுக்காரர் தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார். அவர் வாசலில் நின்றார், அது இருந்ததாகாது.

எங்களுடையது படங்களுக்குச் சட்டம் போடும் கடை. மூன்று தலைமுறையாகக் குறையென்று ஒரு சொல் கேட்டதில்லை. போன மாதம் தலைமையாசிரியை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பினார். 'வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்' என்று தொடங்கியது. உரிய மரியாதை அனைத்துடனும். எங்கள் குடும்பத்துக்கு மரியாதை எழுத்தில் வந்தது அதுவே முதல் தடவை. கடிதம் நீளமாக இருந்தால் முக்கியமான வரி மட்டும் தெரியும்படி அட்டை வெட்டுவது எங்கள் வழக்கம். அப்படியே வெட்டி, தங்க முலாம் பூசிய சட்டம் போட்டு, அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். மீதி எட்டு வரி அட்டைக்கு அடியில் போயிற்று. அதைப் படிக்கவில்லை. மரியாதை செய்தவரைச் சந்தேகப்படுவது எங்கள் குடும்பத்தில் இல்லை.

மாப்பிள்ளை அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவர். அண்ணாந்து பார்த்து இருமினார்.

"மாமா, எங்க ஆபீஸ்ல யாராவது இப்படி ஆரம்பிச்சா, அடுத்து செருப்படிதான்னு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துடுவோம்."

"அப்போ மரியாதை?"

"ஊசி குத்துறதுக்கு முன்னாடி பஞ்சால துடைப்பாங்களே, அது."

"ஒரு மாசமா அதுக்குத்தான் தூசி தட்டிட்டு இருக்கேனா?" என்றாள் தம்பி மனைவி.

இறக்கிப் பிரித்து மீதி எட்டு வரியையும் படித்தோம். நாங்கள் போட்ட சட்டம் ஒரே வாரத்தில் பிளந்து, பள்ளி நிறுவனர் முகங்குப்புற விழுந்தாராம். எங்களுக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியுமா என்று தலைமையாசிரியை கேட்டிருந்தார்.

அந்நேரம் பார்த்துத் தலைமையாசிரியையே உடைந்த சட்டத்தோடு படியேறினார்.

"பதிலே இல்ல, அதான் நேர்ல வந்தேன்." மேசையைப் பார்த்தார். "அது என் லெட்டரா? தங்கத்துலயா?"

"நல்ல கையெழுத்து, டீச்சர்" என்றேன்.

சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் பசை மட்டும் இருந்தது, ஆணி இல்லை. அது தம்பியின் வேலை. அவன் கூரையைப் பார்த்தான்.

"வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட், தம்பி" என்றேன்.

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தலைமையாசிரியையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகப் பூட்டுக்காரர் சொல்லித் திரிகிறார். கேட்கவில்லை. மூலைக்கு இரண்டு வீதம் எட்டு ஆணி அடித்துக் கொடுத்தேன்.