சுடாத ரிவால்வர்

கௌரிசங்கர் ரிவால்வரை எடுத்துச் சாப்பாட்டு மேசையின் மீது வைத்தபோது, சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றது.

வெள்ளிக்கிழமை காலை. மஸ்கட்டின் ரூவியில் நாலாவது மாடி ஃபிளாட். ஜன்னல் திரைகளை இழுத்து மூடியது தியாகுதான். எதிர் ஃபிளாட்டுக்காரர்கள் நல்லவர்கள். ஆனாலும், இரண்டு ஆண்கள் மேசைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து, நடுவில் ரிவால்வர்களை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தால் எப்பேர்ப்பட்ட நல்லவரும் போலீசுக்குத்தான் போன் போடுவார். கேப் வெடிக்கிற பொம்மைகள்தான் இவை என்று அப்புறம் யார் விளக்கிக்கொண்டிருப்பது?

பொம்மை என்று சொன்னால் தியாகுவுக்கு முகம் சுருங்கும். பகலெல்லாம் இன்சூரன்ஸ் ஆபீசில் நசுங்கிய கார்களின் படங்களைப் பார்க்கிறவர். வீட்டுக்கு வந்தால் கண்ணாடி அலமாரி. அதில் அந்தக் காலத்தில் உலோகத்தில் வார்த்த ரிவால்வர்கள் வரிசையாகத் தொங்கும். அவர் பல வருஷமாகத் தேடி அலைந்த ஒன்றுதான் இப்போது மேசைமேல் இருந்தது. நிக்கல் பூச்சு, உண்மையாகவே சுழலும் எட்டு அறைகள், கூடவே அட்டைப்பெட்டி. ஒரு தடவைகூடச் சுடாதது. சவூதியில், அல் கோபாரில் இன்ஜினியராக இருக்கும் கௌரிசங்கர், கம்பெனி ட்ரெயினிங்குக்கு மஸ்கட் வந்த சாக்கில், அதை ஒரு வேட்டிக்குள் சுருட்டிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். மத்தியானம் அவனுக்கு ஃபிளைட். பதிலுக்கு அவன் கேட்டது ஒன்றே ஒன்று. தியாகுவின் கறுப்பு ரிவால்வர். அதன் ஜோடி அவனிடம் இருக்கிறது.

கறுப்பில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. பிடியில் கீறல். இந்தப் பண்டமாற்றில் யாருக்கு லாபம் என்று அலமாரியைப் பார்த்தறியாதவர்கூடச் சொல்லிவிடுவார். ஆனாலும் தியாகு ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டார். கல்யாணமான புதிதில் வாங்கியது அது. மனைவி ஜெயபாரதி மஸ்கட் வந்து முதல் தீபாவளி. இவருக்கு டியூட்டி. விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப்புடவையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவள், வெடிச் சத்தமே இல்லாமல் இது என்ன தீபாவளி என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். பட்டாசுக்கு எங்கே போவது? அலமாரியிலிருந்து கறுப்பை எடுத்து, வெளியே கேட்காமலிருக்க அவளைப் பாத்ரூமுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, ஒரே ஒரு கேப் சுட வைத்தார். சின்ன பாத்ரூமில் அது அணுகுண்டு போலக் கேட்டது. ஹீட்டர் வெடித்துவிட்டதா என்று வாட்ச்மேன் ஓடிவந்தார். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் இவர் ஆபீசுக்கு லேட். அதிலிருந்து எல்லாத் தீபாவளிக்கும் பாத்ரூமில் ஒரு கேப். மகள் சம்யுக்தா பிறந்த பிறகும், அவள் படிக்கக் கிளம்பிப் போன பிறகும்.

கறுப்பைக் கொடுத்துவிடலாமா என்று போன வாரம் ஜெயபாரதியிடம் கேட்டார். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தவள் திரும்பாமலே, அது உங்க பொருள், நீங்களே முடிவு பண்ணுங்க என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

"ஒரே ஒரு தடவை சுட்டுக் காட்டிடுங்க சார்," என்றான் கௌரிசங்கர். "சுத்தியல் சரியா விழுதான்னு பார்த்துட்டா, கலாஸ், முடிஞ்சுது. மாத்திக்கலாம்."

கேப்புக்கு எங்கே போவது என்றார் தியாகு. சுருள் கேப் விற்ற பொம்மைக்கடையை மூடி எவ்வளவோ காலமாகிறது. சொல்லும்போதே அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. கடைதான் இல்லையே, அப்புறம் போன தீபாவளிக்குக் கேப் எங்கிருந்து வந்தது? எந்த ரிவால்வர் எந்த வருஷத்து வார்ப்பு என்று பார்த்ததும் சொல்கிறவர், இதை மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை.

சமையலறையிலிருந்து ஜெயபாரதி ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜாடியோடு வந்தாள். பாதிக்கு அரிசி. கையை விட்டுத் துழாவி ஒரு பாக்கெட்டை எடுத்தாள். உள்ளே சிவப்புச் சுருள்கள். அடியில் இன்னும் பல பாக்கெட்டுகள் தெரிந்தன.

"அரிசியில போட்டு வெச்சாத்தான் நமுக்காது. இந்த ஊரு காத்துதான் தெரியுமே."

"இவ்வளவு எப்ப வாங்கின?"

"கடைக்காரர் மூடப்போறேன்னாரு. இருந்ததெல்லாம் வாங்கிட்டேன். நம்ம ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கு வரும்னு." அவள் நிக்கல் ரிவால்வரைக் குனிந்து பார்த்தாள். "தம்பி, இது அதுக்குச் சேருமா?"

"அதுக்கு வளையமா வர்ற ரிங் கேப் சிஸ்டர், இந்தச் சுருள் சேராது. ஆனா அதைச் சுடவே கூடாது. ஒரு தடவை சுட்டாலும் மதிப்பு போயிடும்."

"சுடாம வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

கௌரிசங்கர் யோசித்தான். "பார்த்துக்கிட்டே இருப்போம்."

அவள் சிரித்துவிட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே வேடிக்கையாக இருந்தது அவளுக்கு. பிறகு ஜாடியின் மூடியைத் திருகினாள். அது இறுகிய பிறகும் விரல்கள் திருகிக்கொண்டே இருந்ததைத் தியாகு பார்த்தார்.

மூன்று பேருமாகப் பாத்ரூமுக்குப் போனார்கள். கௌரிசங்கர் வாஷ்பேசின் பக்கம் ஒடுங்கிக்கொண்டான். பழக்கமான கையாக ஜெயபாரதி சுருளைப் பொருத்தினாள். அந்த விசை முரடு. இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மசியும். கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏங்க... காது."

தியாகு பின்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் காதுகளைப் பொத்தினார். தோடு குத்தியது. வெடிக்கும் முன்பே அவள் சிரிப்பை அடக்குவது கைகளில் அதிர்ந்தது.

டப்.

புகை எழும்பி, எக்ஸாஸ்ட் ஃபேனை நோக்கி மெல்ல வளைந்தது. "சுத்தியல் அருமையா விழுது சார். இந்தாங்க, பிடிங்க," என்று கௌரிசங்கர் நிக்கல் ரிவால்வரை நீட்டினான். அதன் எட்டு அறைகளின் விளிம்பிலும் பாத்ரூம் பல்பு சின்னச் சின்னதாக மின்னியது. அதைப் பார்த்தபடி நின்றார் தியாகு.

சத்தம் எப்போதோ அடங்கிவிட்டது. அவருடைய இரண்டு கைகளும் இன்னும் அவள் காதுகளின் மேல் இருந்தன.