பின்பக்க மாடி

நாயும் பூனையுமாக நிறைந்திருந்த வராந்தாவில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தவர் பள்ளி வேன் டிரைவர் ஒருவர்தான். மனநல ஆஸ்பத்திரி என்று மனைவி விசாரித்து, கொண்டுவந்து இறக்கிவிட்ட பச்சை கேட் இதுதான். ஆனால் உள்ளே நுழைந்தால் கால்நடை ஆஸ்பத்திரி. யாரையாவது கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கேட்கத்தான் வாய் வரவில்லை. சின்ன ஊர், இந்த முனையில் இருமினால் அந்த முனையில் கஷாயம் சொல்வார்கள்.

பதினெட்டு வருஷமாக வேன் ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் சக்கரத்தில் ஏதோ தட்டியதுபோல இருந்தது. இறங்கிப் பார்த்தார். கல். அதோடு போயிருக்க வேண்டியது. மறுநாளும் இறங்கினார், அப்புறம் தெருவுக்குத் தெரு. கண்ணால் பார்த்துவிட்டு வந்தாலும், வண்டி நகர்ந்ததும் 'சரியாப் பாத்தியா?' என்று மனசு அரிக்கும். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு, அவர் இறங்கும்போதெல்லாம் சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில், "உடம்பைப் பாத்துட்டு வாங்க" என்று லீவு கொடுத்துவிட்டார்கள். லீவிலும் விடவில்லை. நடந்து போனாலும் எதையாவது மிதித்துவிட்டோமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுது எது சார், நாயா பூனையா?" சீட்டு எழுதும் பெண் எதிரே வந்து நின்றாள்.

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நான்தாம்மா."

அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "பின்பக்க மாடி சார். எங்க அண்ணனும் மாடிக்கு வந்த முதல் நாள் இங்கதான் உக்காந்திருந்தான்" என்றாள்.

மாடியில் ஒரே அறை. டாக்டரம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை திரும்பிப் பாப்பீங்க?" என்றார்.

இத்தனை நாளும் எல்லோரும் 'ஏன்' என்றுதான் கேட்டார்கள்.

"நாப்பது இருக்கும்மா." நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "மறுபடி வேன் ஓட்ட முடியுமா?"

"அதை இன்னைக்கே சொல்ல முடியாது. ஆனா இதுக்கு வைத்தியம் இருக்கு. வாராவாரம் வாங்க. நாப்பதுல ஒரே ஒரு தடவை பாக்காம விட்டுப் பாருங்க. மனசு கெடந்து அடிச்சுக்கும். அடிச்சுக்கட்டும், தானா அடங்கும்."

கீழே மனைவி ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இஸ்திரிக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டி வந்தவள். அவர் சாவிக்குக் கை நீட்டினார். ஒரு கணம் தயங்கி, கொடுத்தாள்.

கடைத்தெருவில் சக்கரம் எதன்மீதோ ஏறி இறங்கியது. வண்டியின் வேகம் குறைந்தது.

"நிறுத்தணுமாங்க?"

கழுத்து தானாகப் பின்னால் இழுத்தது.

"அந்த வளைவு வரைக்கும் போவோம்" என்றார். "அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் அவருடைய சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து மணியடித்துப் பார்த்துவிட்டு, அவர்களை முந்திக்கொண்டு போனார். ஸ்கூட்டர் வளைவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.