அடுத்தவர் பொறி

1

பீவர் என்னும் நீர்விலங்கைத் தோலுக்காகப் பொறிவைத்துப் பிடிப்பதற்கான சட்டப் புத்தகம் எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் இலவசமாகக் கிடைக்கும். காப்பிக்குக் காத்திருந்தபோது புரட்டினேன். ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது: உரியவர் அனுமதியில்லாமல் அடுத்தவர் பொறியைத் தொடக் கூடாது. நான் பொறி வைக்கிறவனல்ல. ஆனால் அமெரிக்காவின் வட மெய்னில் உள்ள இந்தப் பள்ளத்தாக்கில், கூடப்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்தினால் சவப்பெட்டி வரைக்கும் நிறுத்திவிடுவார்கள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

2

முதல் தொடக்கம்: "வெண்பனி போர்த்திய ஏரி மௌனமாக..." (வேண்டாம். உறைந்த ஏரி ஓயாமல் முனகும்.)

அடுத்தது: ஓடிலுக்கும் அவள் தம்பி ரெனோவுக்கும் பேச்சு அறுந்துபோனது. காரணம்...

காரணம் அகப்படவில்லை. நிலத்தகராறு என்று எழுதி அடித்தேன். அம்மாவின் அடக்கத்துக்கு அவன் தாமதமாக வந்தான் என்றேன், அதையும் அடித்தேன். ஓடிலைக் கேட்டால் "இப்ப எதுக்கு அது" என்பாள்.

3

ரெனோ இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் பொறிகள் ஏரியில், பனிக்கட்டிக்கு அடியில். சட்டம் சொல்லும் கெடுவுக்குள் பார்க்காவிட்டால் அவன் லைசென்ஸ் போகும். மாட்டிய பீவர் வீணாக அழுகும், அது இன்னும் பெரிய அவமானம். ஓடிலும் பொறி வைக்கிறவள்தான்; தன் பொறிகளைப் பார்த்துவிட்டு அவன் பக்கம் நடந்தாள். பனிக்கட்டியை உடைத்து, கொழுத்த பீவர் ஒன்றைப் பொறியோடு வெளியே இழுத்துப் போட்டாள்.

[நானாயிருந்தால் முதலில் அவனைக் கேட்டிருப்பேன். அவள் கேட்கமாட்டாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கிறது.]

வனக்காவலன் கெலி வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். பொறியில் கட்டியிருந்த தகட்டில் ரெனோவின் பெயர்.

"இது ஒங்க பொறி இல்லியேக்கா."

"பரவால்ல, எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டே."

"அவர்ட்ட அனுமதி கேட்டீங்களா?"

"கேட்டா குடுப்பான்."

"கேட்டீங்களான்னேன்."

ஓடில் ஈரக் கையுறையைக் கழற்றினாள்.

"நான் பாத்துட்டேன்க்கா. பாக்காத மாதிரி போக முடியாது. ஒங்க லைசென்ஸைப் பிடுங்கிருவாங்க."

"பிடுங்கிட்டா? இந்த வயசுல எனக்கு வேற என்னடா தெரியும்?"

4

கெலி கண்டும் காணாமல் போய்விடுவதாக ஒரு முடிவு எழுதினேன். ஒட்டவில்லை; அவன் இளகினவன்தான், ஆனால் அப்படிப்பட்டவனல்ல. ரெனோவை ஆஸ்பத்திரியிலேயே சாகடித்தும் பார்த்தேன். அது என் கோழைத்தனம்.

ஆகவே கெலி ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டான்.

"ரெனோண்ணே, ஒங்க பொறிய அக்கா எடுத்திருக்காங்க. நீங்க அனுமதி குடுத்திருந்தீங்களா?"

மறுமுனையில் இருமல். பிறகு, "அவ பக்கத்துலயா நிக்கிறா?"

"ஆமா. கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

ரெனோ...

இதற்கு மேல் எனக்கு உரிமையில்லை. அவர்கள் ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்றே தெரியாத நான் ரெனோவுக்காக எப்படி வாய் திறப்பது? உங்களுக்கும் பேசாமல் விட்ட ஒருவர் இருப்பார். காரணமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஃபோனை உங்கள் காதில் வைக்கிறேன். அனுமதி கொடுத்தீர்களா இல்லையா, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் வெறுங்கையோடு பனியில் நிற்கிறாள்.