அஞ்சடி விட்டு

மலேசியாவின் சிகாமட்டில் வெள்ளம் வடிந்து பத்து நாளாகியும் கடைவரிசையில் சேறு காய்ந்து கிடந்தது. வாட்டர் ஜெட்டோடு வந்து இறங்கிய பிரேமலாவுக்கு ஒரே பயம். போன வாரம் கிட்ட நின்று அடித்து ஒரு கிளினிக் வாசலில் சிமெண்டையே பெயர்த்துவிட்டாள். இன்னொரு புகார் வந்தால் வேலை கிடையாது என்று முதலாளி தேவானந்தன் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற மனிதர் அவர்.

மளிகைக்கடை சபாபதி போனிலேயே சொல்லியிருந்தார்: "அஞ்சடி விட்டு அடிங்கம்மா."

எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று சுருக்கென்றது. அவ்வளவு தள்ளி நின்றால் தண்ணீர் சேற்றுக்குச் சாமரம்தான் வீசும். ஆனால் அவள் சூடு கண்ட பூனை. சொன்னபடியே செய்வதென்று இறங்கினாள்.

மஞ்சள் நாசிலைக் கழற்றிவிட்டு, அகலமாய் விசிறும் வெள்ளை நாசிலை மாட்டினாள். பம்ப் திக்கித் திக்கி இரைந்தது. வடிகட்டியைத் திறந்தால் உள்ளே வண்டல். அலசிப் போட்டதும் சத்தம் சீரானது. அழுத்தத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, அஞ்சடி தள்ளி நின்று கடை முன்னால் இருந்த நடைபாதையை நனைத்தாள், ஊறவிட்டாள், மறுபடி நனைத்தாள். அரை மணி நேர வேலை, இரண்டு மணி நேரமாகியும் பாதிதான் முடிந்தது.

சேறு கரைந்த இடத்தில் சிவப்பாய் ஓர் இதழ் தெரிந்தது. பெயிண்டில் போட்ட தாமரைக் கோலம்.

மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய சபாபதி அப்படியே நின்றுவிட்டார். "அலமாக், என்னம்மா இது! அஞ்சடிய விட்டுட்டு ரோட்டோரம் மட்டும்தானே அடிக்கச் சொன்னேன்."

பிரேமலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கடை முன்னால் ஓடும் நடைபாதைக்கே இந்த ஊரில் அஞ்சடி என்றுதான் பெயர். பிறந்ததிலிருந்து அவளும் அப்படித்தான் சொல்கிறாள். கிளினிக் பயத்தில் அது அளவாகக் காதில் விழுந்து தொலைத்திருக்கிறது.

"தள்ளி நின்னு அடிக்கச் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன் அங்கிள். புகார் மட்டும் பண்ணிடாதீங்க, வேலை போயிடும்."

அவர் குந்தி உட்கார்ந்து இதழைத் தடவிப் பார்த்தார். பெயிண்ட் ஒரு பொட்டுகூட உரியவில்லை.

"செல்வராணி போட்டது. என் வீட்டுக்காரி. தீபாவளிக்குப் போட்டா, பொங்கலுக்கு அவ இல்ல. மிஷின் வச்சா உரிஞ்சிடும், நானே கழுவிக்கலாம்னுதான் விடச் சொன்னேன். தினம் வாளியோட வருவேன். சேத்துக்குள்ள ஒண்ணும் மிஞ்சலைன்னா என்ன பண்றதுன்னு அப்படியே திரும்பிடுவேன்."

பிரேமலா கீழே பார்த்தாள். பாதிக் கோலம் இன்னும் சேற்றுக்குள் இருந்தது.

"மீதிய நீங்க கழுவுறீங்களா அங்கிள்?"

சபாபதி எழுந்து வழிவிட்டார். "வேணாம்மா. நீங்களே எடுத்துக் குடுங்க."