சி வரும்வரை

"ஏ மைனர் செவன்த்" என்று ஹேமி கிதார் கம்பிகளில் அவள் விரல்களைப் பிடித்து நகர்த்தி வைத்தான். "இந்த இடத்துல இதைப் போட்டாத்தான் சோகம் வரும், மெரியானா."

"என் தம்பி பெட்டியில கிடக்கான். சோகம் வர்றதுக்கு உனக்குக் கார்டு வேற வேணுமாடா?" என்றாள் ஹூயா அத்தை, வள்ளிக்கிழங்குத் தோலை வாளியில் தள்ளியபடி.

ஹேமி அவளுடைய ஒரே மகன். வெலிங்டனில் மூன்று வருடம் இசை படித்துப் பட்டம் வாங்கியவன். அன்றிலிருந்து எளிய பாட்டு எதையும் அவன் சும்மா விட்டதில்லை.

ஊர் வழக்கப்படி சவப்பெட்டியைத் திறந்து வைத்து இன்று மூன்றாம் நாள். மதியம் பெட்டியை மூடுவார்கள். அதற்குமுன் பெரியப்பா பேசுவார். பேச்சுக்குப் பின் அப்பாவின் பாட்டை மகள் மெரியானா கிதாரில் வாசிக்க, பெண்கள் பாட வேண்டும். படகில் ஆற்றைக் கடப்பது பற்றி நாலே வரி. பெர்த்தில் விமானம் ஏறியதிலிருந்து மெரியானா அழவில்லை, அவளுக்குப் பசிக்கவும் இல்லை. அப்பா வாசித்தபடியே இதை வாசித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

"அப்பா இங்க என்ன போடுவாரு, அத்தை?"

"சி தான். அவனுக்குத் தெரிஞ்சதே ஜி, சி, டி. மூணே மூணு."

ஜி வாசித்து, சி-க்கு மாறினாள். அத்தையின் கத்தி நின்றது.

"அது இல்ல."

"சி தானே போட்டேன்?"

"சீக்கிரம் போட்டுட்ட."

அப்பாவின் இடதுகை மோதிரவிரலை இறைச்சி ஆலையின் கத்தி கொண்டுபோய் நாற்பது வருடமாகிறது. சி வேண்டுமென்றால் சுண்டுவிரலை இழுத்துக்கொண்டு வந்து வைக்க வேண்டும். அதுவரை ஊரே மூன்றாம் வரியின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நின்று நின்று பாட்டே அப்படித்தான் என்றாகிவிட்டது. பக்கத்து ஊரிலும் அப்படித்தான் பாடுகிறார்களாம்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"அவன் போடற வரைக்கும்."

"அது தாளமே தப்பும்மா" என்றான் ஹேமி.

"கூடத்துலதான் இருக்கான். போய் அவன்கிட்டயே சொல்லு."

கூடத்தில் பெரியப்பா ஊன்றுகோலோடு பேச எழுந்தார். இருபது நிமிடத்தில் மூதாதையர் கடல்கடந்து கரையிறங்கினார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் பெரியப்பா மாவட்டக் கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம்பி இன்னும் பிறக்கவில்லை.

"அந்தப் பாலத் திறப்பு விழாவுல நான்—"

ஹூயா அத்தை எழுந்தாள். பின்னாலேயே கறுப்பு உடையில் அத்தனை பெண்களும் எழுந்தார்கள். பேச்சு நீண்டால் பெண்கள் பாடத் தொடங்குவார்கள். பேசுகிறவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் உட்கார வேண்டியதுதான். பெரியப்பா உட்கார்ந்தார். பாலம் திறக்கப்படவில்லை.

மெரியானா ஜி-யை மீட்டினாள். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவதன் கடைசிச் சொல்லில் குரல்கள் நின்றன. ஹேமி மட்டும் நாலாம் வரிக்குள் நுழைந்தான். கூட யாரும் வராததைக் கண்டு வாயை மூடிக்கொண்டான்.

அவள் இடதுகை விரல்கள் அதற்குள் சி-யில் அமர்ந்துவிட்டிருந்தன. யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் பழக்கத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூச்சு தீரத்தீரக் குரல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அத்தையுடையதும் விழுந்தது. மூன்று நாளாகப் பெட்டியின் பக்கத்தைவிட்டு எழாத அம்மா மட்டும், விளிம்பைப் பிடித்தபடி, நூலளவு குரலில் அந்தச் சொல்லை விடாமல் பிடித்திருந்தாள்.

மெரியானாவின் வலதுகை கம்பிகளுக்கு மேலேயே நின்றது.