ஒரே ஒரு சுற்றுத் தேய்ப்பு

மைக்ராஸ்கோப்பில் மூன்றாம் முறையும் பார்த்தாள் ஸ்வரூபா. புள்ளிகள் போகவில்லை. அனல் மின் நிலையத்து நீராவிக் குழாயின் வெல்டிங் ஓரத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி எடுத்த அச்சு அது. எஃகின் துகள்களுக்கு நடுவே பொடிப்பொடியாகக் குழிகள். சில இடங்களில் வரிசை கட்டியிருந்தன. வரிசை சேர்ந்துவிட்டால் அடுத்தது விரிசல்தான், அப்புறம் குழாயே வெடிக்கும்.

குழாயைக் குறை சொல்லி என்ன செய்ய? ஐந்நூற்று நாற்பது டிகிரியில், வருஷக்கணக்காக, ஒரே சீராக வேகத்தான் அதைச் செய்தார்கள். இப்போதோ வெயில் ஏறினால் சூரிய மின்சாரம் வருகிறதென்று சூட்டைத் தணிக்கிறார்கள், சாயங்காலமானால் முறுக்குகிறார்கள். தினமும் இந்தப் பாடுபட்டால் எஃகாக இருந்தால்தான் என்ன?

அவளை உறுத்தியது அதுவல்ல. போன வருஷம் இதே இடத்தைப் பார்த்து "குழி இல்லை" என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான். ஒரே வருஷத்தில் இவ்வளவு வராது. பழைய அச்சைத் தேடி எடுத்தாள். வழவழவென்று இருந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. தேய்த்து, அமிலம் தடவி, மறுபடி தேய்த்து என்று மூன்று சுற்றாவது செய்ய வேண்டும். ஒரு சுற்றோடு விட்டால் தேய்த்த இரும்பே இழுபட்டுக் குழிகளை மூடிக்கொள்ளும், சுவர் ஓட்டையில் சுண்ணாம்பு அப்பியது போல. பதுகம்மா பண்டிகைக்குள் கொதிகலனை மூட்டியாக வேண்டுமென்று அன்றைக்கு எல்லோரும் பறந்தார்கள். அவளும் பறந்தாள்.

பொறியாளர் நர்சிங்க ராவ் உள்ளே வந்தார்.

"என்னம்மா, முதல் யூனிட்ட மூட்டலாமா?"

"முடியாது சார். வெட்டி மாத்தணும். இது போன வருஷமே இருந்திருக்கு. நான்தான் சரியாத் தேய்க்கல."

அவர் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை.

"மாத்திடலாம். மேலிடத்துல திட்டு நான் வாங்கிக்கறேன். ஆனா புதுசா வந்ததுன்னு எழுது. பழசத் தோண்டாத தாயே, உன் வேலையே போயிடும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நிம்மதி. 'புதிதாக' என்று எழுதவும் தொடங்கிவிட்டாள்.

அப்போது ஜன்னலில் ஃபிட்டர் ஓதேலுவின் தலை தெரிந்தது.

"அக்கா, டப்பாவுல சர்வபிண்டி அடை இருக்காமே! வர்றதுக்குள்ள தின்னு தீர்த்தீங்க, அந்த பூதக்கண்ணாடிய ஒளிச்சு வெச்சிடுவேன்."

"எங்கடா போற?"

"ரெண்டாவது யூனிட்டுக்கு. பெரிய நீராவிக் குழாய்க்கு அடியில வால்வு ஒழுகுது. மூணு பேர் போறோம்."

பேனா நின்றது. போன வருஷம் அதே வாரத்தில் இரண்டு யூனிட்டிலும் சேர்த்து இருபத்திரண்டு வெல்டிங் பார்த்திருந்தாள். இருபத்திரண்டும் ஒரே சுற்று. முதல் யூனிட் அணைந்து கிடக்கிறது. இரண்டாவது இந்த நிமிஷமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஓதேலு, போகாத! அவங்களையும் நிறுத்து!" என்று கத்தியபடி போனை எடுத்தாள்.

"வேணாம்மா," என்றார் ராவ். அவர் முகம் வெளுத்திருந்தது. "அதையும் நிறுத்தினா பண்டிகைக்கு ஊரே இருட்டு. நீயும் நானும் தொலைஞ்சோம்."

அவள் எண்களை அழுத்தினாள். பயமாகத்தான் இருந்தது.

"கன்ட்ரோல் ரூம், சொல்லுங்க."

"ரெண்டாவது யூனிட்ட நிறுத்துங்க. குழாய்ப் பக்கம் ஒருத்தரும் இருக்கக் கூடாது."

"யார் பேசறது? அது நல்லா இருக்குன்னு இங்க ரிப்போர்ட் இருக்கே!"

"அத எழுதினவதான் பேசறேன்."