சீமாட்டி போட்ட குட்டி

தன் அக்கா வீட்டுக்காரரின் குதிரைப் பண்ணையில் அவருக்குப் புல் வளர்க்கும் வேலை. ஆனால் புல் வளர்க்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? மண் பரிசோதனைப் பயிற்சி ஒன்றுக்குப் போய், மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு திரும்பி வந்தவர், அறை வாசலில் ‘மேய்ச்சல் நில இயக்குநர்’ என்று பலகை மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் டைரக்டர். முன்னால் சொன்னால் மரியாதை, பின்னால் சொன்னால் சிரிப்பு.

அந்த டைரக்டர் இப்போது மாடி ஜன்னலில் திரைச்சீலையைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார். வெளியூரில் படிக்கும் அக்கா மகள் அடுத்த மாதம் விடுமுறைக்கு வருகிறாள். இது அவளுடைய அறை. கீழே, வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், வெளிறிய புல்லுக்கு நடுவே கரும்பச்சையாக ஒரு குதிரை படுத்திருந்தது. வால்கூடத் தெரிந்தது.

சீமாட்டி. யார் வந்தாலும் மூக்கை உயர்த்திப் பார்க்கும் அந்தப் பெட்டைக் குதிரைக்குப் பெயர் வைத்ததே அக்கா மகள்தான். போன மழைக்காலத்தில் நிலத்துக்கு உரம் போட்டார்கள். மழையில் குருணை கரைந்து மண்ணுக்குள் இறங்கும்வரை குதிரைகளை உள்ளே விடக் கூடாது. பண்ணை முழுக்க இதை வகுப்பெடுத்தவர் டைரக்டர். ஆனால் அன்றைக்குப் பார்த்து யாரோ பெரிய மனிதர்கள் பண்ணையைப் பார்க்க வந்தார்கள். பச்சைப் புல்லில் குதிரைகள் உலவினால்தானே இயக்குநருக்கு அழகு! தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டார். உரம் தூவும் இயந்திரத்தை நிரப்பிய இடத்தில், கதவோரமாகக் குருணை குவியலாகச் சிந்திக் கிடந்தது. சீமாட்டி அதை ஆசைதீர நக்கினாள். பொழுது சாய்வதற்குள் அவளும் சாய்ந்தாள்.

குழி வெட்டுவதிலும் டைரக்டர் புதுமை செய்தார். தரை கல்லாக இருந்தது.

“எதுக்குய்யா அகலமா வெட்டுறே? உடம்பு இருக்கிற இடத்துக்கு மட்டும் வெட்டு. கழுத்துக்கு ஒரு வாய்க்கால், காலுக்கு ஒண்ணு ஒண்ணா. பாதி வேலை மிச்சம்.”

“தையல்காரர் அளவெடுத்த மாதிரியே இருக்கு சார்” என்றார் லாயக்காரர். இப்போது அந்த அளவு மாறாமல், குழியின் மேல் மட்டும் புல் கரும்பச்சையாக முளைத்திருந்தது.

அக்கா மகளிடம் வேறு கதை போனது. சீமாட்டியை மலைமேல் ஒரு பெரிய தோட்டத்துக்குக் கொடுத்தாயிற்று, ராஜபோகமாக இருக்கிறாள் என்று. அவள் ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் தோட்டம் வளர்ந்தது. முதலில் ஒரு குளம் வந்தது, அப்புறம் நிழல் மரங்கள் வந்தன. ஒருநாள் அவள் குரல் உடைந்திருந்ததைக் கேட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னார்: “குட்டி போட்டிருக்காளாம் கண்ணு! நெற்றியில வெள்ளைப் பொட்டாம்!” அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே குட்டியைப் பிறகு ஓடவும் துள்ளவும் வைத்தார்.

இப்போது அந்தச் சிரிப்புதான் பயணப்பட்டு வரவிருந்தது.

“சுத்தி இருக்கிறதுக்கெல்லாம் உரம் போடுய்யா. எல்லாம் ஒரே பச்சையாகணும்.”

இந்த முறை எல்லாம் முறைப்படி நடந்தது. கதவோரத்தில் சிந்தியதைத் தன் கையாலேயே பொறுக்கினார். மழை பெய்தது. கதவின் பூட்டைத் திறக்கவே விடவில்லை. கொஞ்ச நாளில் நிலம் முழுக்கக் கரும்பச்சை ஏறி, சீமாட்டி அதற்குள் முங்கிப்போனாள்.

“கண்ணு பட்டுடப் போகுது சார்” என்றார் லாயக்காரர்.

“பச்சைங்கிறது ஒரு விஞ்ஞானம்யா” என்ற டைரக்டர், அக்கா மகள் வருவதற்கு முன்னால் புல் ஒரே மட்டமாக இருக்கட்டும் என்று குதிரைகளை உள்ளே விட்டார். அவை தலை நிமிராமல் மேய்ந்தன.

அவள் வந்து சேர்ந்த மறுநாள் காலை. டைரக்டர் காபியோடு மாடியேறினார். அவள் ஜன்னலில் நின்றிருந்தாள்.

“மாமா, இங்க வாங்களேன்.”

குதிரைகள் நிலத்தை ஒட்ட மேய்ந்திருந்தன. ஓர் இடத்தை மட்டும் எதுவும் தொடவில்லை. தங்கள் லத்தி விழுந்த இடத்திலேயே வாய் வைக்காத பிறவிகள். அடியில் தங்களில் ஒருத்தி கிடக்கும் புல்லில் வைக்குமா? மொட்டைத் தரைக்கு நடுவே முழங்கால் உயரப் புல்லில் ஒரு குதிரை படுத்திருந்தது. காற்றில் அதன் பிடரி அசைந்தது.

டைரக்டர் கனைத்துக்கொண்டார். “அது வந்து கண்ணு... உரம் சீரா விழலேன்னா, மண்ணோட சத்து—”

“அந்த முன்னங்கால் மடக்கு யாருதுன்னு எனக்குத் தெரியாதா மாமா? அப்படித்தானே படுப்பா.”

காபி ஆறியது. பலகை, பட்டம் எதுவும் அந்த நேரத்தில் துணைக்கு வரவில்லை.

“நான்தான் கதவைத் திறந்தேன்” என்றார். “உரத்தை நக்கிட்டா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“அப்போ குட்டி?”

“குட்டியே கிடையாதும்மா. நீ அழுதியேன்னு சொன்னது.”

“அப்போ அது?”

அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். புல் குதிரையின் வயிற்றை ஒட்டி, சின்னதாக இன்னொரு திட்டு. நாலு மெல்லிய கால். தாயின் பக்கம் திரும்பிய தலை. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் புல் வெளுத்திருந்தது.

கீழே லாயக்காரர் புல் வெட்டும் இயந்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஆனால் அதைக் கிளப்பவில்லை.

“டைரக்டர் சார்!” என்று மேலே பார்த்துக் கத்தினார். “நாம பெருசுக்கு மட்டும்தானே வெட்டினோம்?”

அக்கா மகள் படியிறங்கிப் போய், கதவைத் திறந்து, இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் ஒவ்வொன்றாக வந்து அவளைச் சுற்றி நின்றன. ஒன்றுகூடப் புல்லில் வாய் வைக்கவில்லை. ‘இப்போ துள்ளுது கண்ணு, ஓடுது கண்ணு’ என்று போனில் சொன்னதெல்லாம் டைரக்டருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அப்போது காற்றே இல்லை. ஆனாலும் சின்னத் திட்டின் கால்கள் அசைந்தன.